பழைய வால்வு ரேடியோவின் ஸ்பீக்கரை வீட்டிலேயே சீர்செய்வது எப்படி

பரணில் பல ஆண்டுகள் கிடந்த வால்வு ரேடியோவை (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் இயங்கும் பழைய ரேடியோ) இறக்கி, தூசி துடைத்து மேசைமேல் வைத்தவுடன், அதை மின்சாரத்தில் சொருகிப் பார்க்கத்தான் எவருக்கும் கை பரபரக்கும். தயவுசெய்து சொருக வேண்டாம். உள்ளே வறண்டு போன மின்தேக்கிகளும் (கெபாசிட்டர்) எலி கடித்த கம்பிகளும் எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரியாமல் மின்சாரம் கொடுத்தால், அறுபது ஆண்டுகள் தாக்குப்பிடித்த பாகங்கள் அரை நிமிடத்தில் கருகிவிடக்கூடும். ஸ்பீக்கரைச் சோதிக்க ரேடியோவுக்கு மின்சாரம் தேவையே இல்லை. ஒரு மல்டிமீட்டரும், சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரியும், கூர்ந்து கேட்கும் காதும் இருந்தால் போதும்.

1950களிலும் 1960களிலும் நம் வீடுகளுக்கு வந்த மர்ஃபி, புஷ், ஃபிலிப்ஸ், எச்.எம்.வி. பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது, காகிதக் கூம்பும் நிரந்தரக் காந்தமும் கொண்ட வட்ட அல்லது நீள்வட்ட ஸ்பீக்கர். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் 1925இல் விளக்கிய அமைப்புதான் அதிலும் இருக்கிறது. இன்றைய ஸ்பீக்கர்களிலும் அடிப்படையில் அதுவே இருக்கிறது. காந்தத்தின் நடுத்தண்டுக்கும் அதைச் சூழ்ந்த இரும்புத் தகட்டுக்கும் இடையே ஒரு வளைய இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் மெல்லிய செம்புக்கம்பி சுற்றிய குழல், அதாவது வாய்ஸ் காயில், எதையும் தொடாமல் மிதக்கிறது. காயிலோடு ஒட்டப்பட்ட காகிதக் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றை அசைக்கிறது. காயில் பக்கவாட்டில் விலகாமல் ஸ்பைடர் என்ற நெளிவுத் துணி பிடித்துக்கொள்கிறது. அவ்வளவுதான். மறைவான பாகம் எதுவும் இல்லாததால், பொறுமை உள்ள எவரும் இதைச் சீர்செய்யலாம்.

ஆனால் பொறுமை என்பதற்கு இங்கே ஒரு தனிப்பொருள் உண்டு. ஸ்பீக்கர் கிழிந்திருக்கிறது என்றவுடன், கூம்பையும் காயிலையும் பிய்த்தெறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாம் என்று கடையில் சொல்வார்கள். சென்னை ரிச்சி தெருவில் கூம்பு, காயில், ஸ்பைடர் எல்லாம் தனித்தனியாகவே கிடைக்கின்றன. ஆயினும் அவை பெரும்பாலும் இன்றைய ஆம்ப்ளிஃபயர்களுக்காகச் செய்யப்பட்ட கனமான பாகங்கள். மூன்று அல்லது நான்கு வாட் மட்டுமே தரும் வால்வு ரேடியோவால் அவற்றை ஒழுங்காக அசைக்க முடியாது. குரல் அமுங்கிப் போகும். பழைய ரேடியோவின் ‘அந்தச் சத்தம்’ என்று நாம் நினைவில் வைத்திருப்பதில் பெரும்பங்கு அந்த எடையற்ற காகிதக் கூம்புக்கு உரியது. ஆகவே காயில் உயிரோடு இருக்கும்வரை, கூம்பு பாதி கிழிந்திருந்தாலும் அதை ஒட்டிக் காப்பாற்றுவதே என் வழக்கம்.

கழற்றுவதற்கு முன்

நெடுநாள் மின்சாரம் காணாத பெட்டியில் மின்தேக்கிகள் வெறுமையாகவே இருக்கும். ஆனால் நேற்றுவரை யாரேனும் பாடவிட்ட பெட்டி என்றால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 250 முதல் 300 வோல்ட் வரை உள்ளே தேங்கி நிற்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனைகளிலும் காப்பிட்ட கம்பியைப் பற்றவைத்துக்கொண்டு, முதன்மை மின்தேக்கியின், அதாவது மின்வழங்கியில் இருக்கும் பெரிய மின்தேக்கியின், இரு முனைகளுக்கும் குறுக்கே பத்து விநாடி பிடித்து, பிறகு மீட்டரில் அளந்து, ஊசி சுழியில் நிற்கிறதா என்று பார்த்த பின்னரே கையை உள்ளே விட வேண்டும்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. வால்வுகளின் பெயர் ‘யு’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால், உதாரணமாக யுசிஎச் 81, யுஎல் 84, யுஒய் 85 என்றிருந்தால், அது ஏசி, டிசி இரண்டிலும் ஓடும்படி செய்யப்பட்ட பெட்டி. அத்தகைய பெட்டிகளில் பெரும்பாலும் மின்சாரத்தைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது. இரும்புச் சட்டமே வீட்டு மின்கம்பியின் ஒரு முனையோடு இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சட்டம் முழுவதும் 230 வோல்ட் பாயலாம். அப்படிப்பட்ட பெட்டியைத் திறந்த நிலையில் மின்சாரம் கொடுத்துச் சோதிக்கும் வேலையை, தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். ஸ்பீக்கரை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு நீங்கள் உங்கள் வேலையைப் பார்க்கலாம்.

பின்பக்க அட்டையைக் கழற்றியதும், ஸ்பீக்கருக்குச் செல்லும் கம்பிகளைக் கைபேசியில் நான்கு கோணங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல பெட்டிகளில், வால்வையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் ஸ்பீக்கரின் முதுகிலேயே திருகப்பட்டிருக்கும். அப்படி இருந்தால் இரண்டையும் பிரிக்காமல் சேர்த்தே எடுங்கள். சட்டத்திலிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்கு வரும் கம்பிகளில் மட்டும் சிறு காகிதச் சீட்டு கட்டி, எண் எழுதி, ஈயத்தை உருக்கி விடுவியுங்கள்.

பிறகு ஸ்பீக்கரைப் பிடித்திருக்கும் திருகுகள். இங்கேதான் நான் என் முதல் ஸ்பீக்கரைக் கெடுத்தேன். துருப்பிடித்த திருகைத் திருப்புளியால் அழுத்திக்கொண்டிருந்தபோது பிடி நழுவியது. காந்தம் திருப்புளியைச் சட்டென்று இழுக்க, கூம்பில் இரண்டு அங்குல நீளத்துக்கு ஓட்டை விழுந்தது. அதுவரை அந்தக் கூம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அன்று முதல், திருகைத் தொடுவதற்கு முன் கெட்டியான அட்டை ஒன்றை வெட்டிக் கூம்புக்கும் கைக்கும் நடுவே செருகிவிடுகிறேன். திருகு அசையாவிட்டால் தையல் மெஷின் எண்ணெயை ஒரு குச்சியின் நுனியால் தொட்டு வைத்து, ஒரு நாள் விட்டுவிடலாம். எண்ணெய் கூம்பின் மேல் சொட்டினால் அந்தக் காகிதத்தில் பிறகு எந்தப் பசையும் ஒட்டாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

நோய் எது என்று அறிதல்

ஸ்பீக்கரின் இரு முனைகளில் ஒன்றையாவது டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து விடுவித்துவிட்டு மல்டிமீட்டரில் ஓம் அளவு பாருங்கள். விடுவிக்காமல் பார்த்தால் டிரான்ஸ்ஃபார்மரின் குறைந்த தடையே தெரியும். காயில் அறுந்திருந்தாலும் நல்லது போலக் காட்டும். 3 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் சுமார் இரண்டரை ஓம் காட்டும். 5 ஓம் ஸ்பீக்கர் நான்கு ஓம் அளவில் காட்டும். குறித்த மதிப்பைவிட மீட்டர் சற்றுக் குறைவாகக் காட்டுவது இயல்பே. ஒன்றுமே காட்டாவிட்டால் மனம் தளர வேண்டாம். பெரும்பாலும் அறுந்திருப்பது காயில் அல்ல, முனையத்திலிருந்து கூம்புக்குச் செல்லும் வளையும் கம்பிதான். கூம்பின் மேல் அந்தக் கம்பி முடியும் இடத்தில் உள்ள ஈயப்புள்ளியை ஊசி நுனியால் லேசாகச் சுரண்டி, அங்கே மீட்டரை வைத்துப் பாருங்கள். அங்கும் ஒன்றும் காட்டாவிட்டால்தான் காயில் போய்விட்டது என்று பொருள்.

அடுத்தது பேட்டரிச் சோதனை. 1.5 வோல்ட் பேட்டரியை முனையங்களில் ஒரு கணம் தொட்டு எடுத்தால் ‘டொக்’ என்று ஒலி வர வேண்டும். கூம்பு முன்னோக்கி நகர்ந்தால், பேட்டரியின் நேர்முனை தொட்ட முனையத்தில் சிவப்புப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள பெட்டியில் இது அவ்வளவு முக்கியமில்லை. இரண்டு ஸ்பீக்கர் உள்ள பெட்டியில் இரண்டும் ஒரே திசையில் அசையாவிட்டால் அடித்தொனி காணாமல் போகும்.

மூன்றாவது சோதனைதான் மிக முக்கியமானது. அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஸ்பீக்கரை முகம் மேலே பார்க்க வைத்து, இரு கைகளின் விரல்களையும் கூம்பின் நடுப்பகுதியைச் சுற்றிச் சமமாகப் பரப்பி, ஒரு மில்லிமீட்டர் அல்லது இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்ல அழுத்தி விடுங்கள். காதை அருகில் வையுங்கள். ஓசையின்றி இறங்கி ஏறினால் காயில் நடுவில் நிற்கிறது. உப்புத்தாள் உரசுவதுபோல் ‘கர கர’ என்று கேட்டால் காயில் காந்தத்தில் உரசுகிறது, அல்லது இடைவெளியில் ஏதோ சிக்கியிருக்கிறது. ஒரு பக்கமாக மட்டும் அழுத்தும்போது உரசல் நின்றால், எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். குறிப்பெழுதி வையுங்கள்.

ஸ்பீக்கரின் மேல் விழும் பழிகளில் பாதிக்கு அது பொறுப்பல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பெட்டி பாடத் தொடங்கிச் சில நிமிடங்களில் ஒலி கரகரத்து இறுகினால், பெரும்பாலும் குற்றவாளி, ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு, அதாவது கட்டுப்பாட்டு முனைக்கு, ஒலியைக் கொண்டுபோகும் சிறு காகித மின்தேக்கி. அது கசியத் தொடங்கியதும் நேர்மின்னழுத்தம் கிரிட்டுக்குப் போய், வால்வு அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுத்து, கடைசியில் டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்துவிடும். சீர்செய்த ஸ்பீக்கரை அந்தப் பெட்டியில் திரும்பப் பொருத்தும் முன் அந்த ஒரு மின்தேக்கியையாவது, குறைந்தது 400 வோல்ட் தாங்கும் புதிய பாலியெஸ்டர் மின்தேக்கியாக மாற்றிவிடுவது அவசியம்.

சுத்தம் செய்தல்

நம் ஊர்ப் பரணில் கிடந்த ஸ்பீக்கருக்குள் என்னென்ன இருக்கும் என்று வெளிநாட்டுக் கையேடுகள் சொல்வதில்லை. குளவி கட்டிய மண்கூடு, பல்லி முட்டை ஓடு, கரப்பான்பூச்சியின் எச்சம், இராமபாணப் பூச்சி அரித்த விளிம்பு எல்லாவற்றையும் நான் எடுத்திருக்கிறேன். குளவிக்கூட்டைப் பிய்த்து எடுக்காதீர்கள். காகிதமும் சேர்ந்து வரும். ஓவியத் தூரிகையின் நுனியில் ஒரு துளி நீர் தொட்டு மண்ணின்மேல் மட்டும் வைத்து, ஊறியதும் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுக்க வேண்டும். மற்றபடி கூம்பில் நீர் படவே கூடாது. மென்மையான உலர்ந்த தூரிகையால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் தூசியைத் தள்ளுங்கள். கடற்கரை ஊர்களில் கூம்பின்மேல் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருக்கும். அதையும் உலர்ந்த தூரிகையாலேயே, மூக்கை மூடிக்கொண்டு, வெளியிடத்தில் தட்டிவிடலாம். பிறகு நிழலில் காற்றாட இரண்டு நாள் வைப்பது போதும். சித்திரை வெயிலில் வைத்தால் விளிம்பு சுருங்கி நெளியும்.

இரும்புச் சட்டத்தில் துரு இருந்தால் உப்புத்தாளை எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். தேய்க்கும்போது உதிரும் இரும்புத்தூள் நேராகக் காந்த இடைவெளிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். துணியால் துடைத்து, மெல்லிய வண்ணத்தைத் தூரிகையால் ஒரு பூச்சுப் பூசினால் போதும். வேலை செய்யும் மேசையையும் முதலில் துடைத்து, வேலை முடியும்வரை ஸ்பீக்கரைப் பிளாஸ்டிக் பைக்குள் வைப்பது நல்ல பழக்கம்.

கிழிசலை ஒட்டுதல்

இதற்கு வேண்டியவை இரண்டே: வெள்ளைப் பசை, மெல்லிய தாள். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையில் சம அளவு நீர் கலந்து, பால்போல் ஆக்கிக்கொள்ளுங்கள். தாளுக்கு, காற்றாடி செய்யும் பட்டத்தாளைவிட நல்லது எனக்குக் கிடைக்கவில்லை. அது இல்லாவிட்டால் தேயிலைப் பையைப் பிரித்து, தூளைக் கொட்டிவிட்டு அந்தத் தாளைப் பயன்படுத்தலாம். தாளைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரத்தில் நார்கள் பிரிந்து நிற்கும். அவை கூம்பின் நாரோடு கலந்து ஒட்டு தெரியாமல் மறையும். கிழிசலின் இருபுறமும் மூன்று நான்கு மில்லிமீட்டர் மூடும் அளவுக்கு மேல் தாள் வேண்டாம். ஒட்டும் ஒவ்வொரு துண்டும் கூம்பின் எடையைக் கூட்டுகிறது. எடை கூடக்கூட மேல்தொனி மங்குகிறது.

முதலில் கிழிசலின் இரு ஓரங்களையும் இடுக்கியால் பழைய இடத்துக்கே கொண்டுவந்து சேர்த்துப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் காய்ந்திருந்தால், ஈரத் தூரிகையின் ஆவி படும் அளவுக்கு மட்டும் ஈரமாக்கி, நேராக்கிவிட்டுத் தொடங்கலாம். பிறகு கூம்பின் பின்பக்கத்தில் பசையை மெல்லியதாகத் தடவி, தாளை வைத்து, அதன்மேல் மீண்டும் ஒரு முறை பசையைத் தொட்டு வையுங்கள். ஒரு நீண்ட கிழிசலுக்கு ஒரே நீளத் துண்டைவிட, சிறு சிறு துண்டுகளைச் சற்றே ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைப்பது கூம்பின் வளைவுக்குப் பொருந்தும். ஓர் இரவு காய்ந்த பின், முன்பக்கத்தில் கோடு தெரிந்தால் அதன்மேல் பசை மட்டும் ஒரு பூச்சு. காய்ந்ததும் விரல் நகத்தால் லேசாகத் தட்டிப் பாருங்கள். ஒட்டிய இடமும் ஒட்டாத இடமும் ஏறக்குறைய ஒரே ஒலி தர வேண்டும்.

சில பசைகளை இந்த வேலைக்கு அருகில் விடவே கூடாது. உடனே ஒட்டும் ஃபெவிக்விக் போன்றவை கண்ணாடிபோல் இறுகி, அதன் ஓரத்திலேயே அடுத்த கிழிசலை உண்டாக்கும். மைதாப் பசையையும் சோற்றுப் பசையையும் நம் முன்னோர் எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து வைப்பதாகும். அதைத் தடுக்க நூல்கட்டுவோர் செய்வதுபோல் மயில்துத்தம் கலக்கலாமா என்று கேட்கலாம். இங்கே வேண்டாம், மயில்துத்தம் இரும்பை அரிக்கும்.

விளிம்பு நெளிவில் கிழிந்திருந்தால் மட்டும் வழி மாறும். அந்த இடம் ஒவ்வொரு அசைவிலும் வளைவதால், வெள்ளைப் பசையின் சிறு விறைப்பும் அங்கே தொல்லையே. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டப் பயன்படுத்தும் ரப்பர் சொல்யூஷனை மிக மெல்லியதாகத் தடவி, பட்டத்தாளின் குறுகலான துண்டை நெளிவின் வடிவத்துக்கே அழுத்திப் பொருத்துங்கள். அது எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் சால்டரிங் அயன் சூடாக இருக்கும் மேசையில் அதைத் திறக்கக் கூடாது. சில ஆண்டுகள் கழித்து ரப்பர் காய்ந்து வெடித்தால் மறுபடியும் ஒட்ட வேண்டியிருக்கும். அதற்கு வருத்தப்பட வேண்டியதில்லை, அது அரைமணி நேர வேலை.

காகிதமே காணாமல் போய் ஓட்டையாக இருக்கும் இடத்தில், கூம்பின் அதே தடிமன் உள்ள மையொற்றுத்தாளை ஓட்டையின் வடிவத்துக்கு வெட்டி வைத்து, இருபுறமும் பட்டத்தாளால் பிடிக்கலாம். ஒட்டு வெள்ளையாகத் தெரிவது கண்ணை உறுத்தினால், கறுப்பு மையை நீர்த்துத் தொட்டு வையுங்கள். நான் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவேன். முன்னால் துணி மூடத்தான் போகிறது.

உரசும் காயிலை நடுவில் நிறுத்துதல்

உரசல் எப்போதும் பெரிய நோயாக இருப்பதில்லை. பல ஆண்டுகள் ஒரே நிலையில் நின்ற ஸ்பீக்கரில் கூம்பு தன் எடையாலேயே கீழ்நோக்கித் தொய்ந்து, காயிலின் ஓர் ஓரம் காந்தத்தைத் தொட்டுவிடும். ஸ்பீக்கரை அரைவட்டம் திருப்பி, மேற்பக்கம் கீழே வருமாறு மறுபடியும் பொருத்தினால் சில வாரங்களில் தொய்வு தானாகவே சரியாகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வேறு எதையும் திறப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் இடைவெளிக்குள் பார்க்க வேண்டும். கூம்பின் நடுவிலுள்ள தூசி மூடியின் ஓரத்தில் அசிட்டோனைத் துளித்துளியாகத் தூரிகையால் தொட்டுவைத்து, பழைய பசை இளகியதும் பிளேடின் நுனியால் நெம்பி எடுங்கள். காயிலின் குழலுக்குள் அசிட்டோன் வழிந்தால் கம்பியைப் பிடித்திருக்கும் அரக்கும் இளகிவிடும் என்பதால், தூரிகை நனைந்தாலே போதும், சொட்டக் கூடாது. மூடியைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்துங்கள். அதன் துணியோ கம்பளமோ காற்றை விடும்; அதற்குப் பதிலாகப் பளபளக்கும் பிளாஸ்டிக் மூடியை ஒட்டினால் உள்ளே காற்று அடைபடும், ஒலியும் மாறும்.

இப்போது நடுத்தண்டைச் சுற்றி, தாள்கூடச் சிரமப்பட்டு நுழையும் அந்த இடைவெளி தெரியும். காயிலுக்கு ஒவ்வொரு பக்கமும் கிடைக்கும் இடம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவுதான். மெல்லிய பிளாஸ்டிக் துண்டின்மேல் மாஸ்கிங் டேப்பைப் பசைப்பக்கம் வெளியே இருக்குமாறு மடித்து ஒட்டி, இடைவெளிக்குள் மெல்ல இறக்கிச் சுற்றி எடுங்கள். இரும்புத்தூள் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வரும். டேப் சுத்தமாக வெளியே வரும்வரை பத்து, பதினைந்து முறைகூடச் செய்ய வேண்டியிருக்கலாம். முடித்ததும், அடுத்த வேலைக்குப் போகும் முன், திறந்த இடத்தைப் புதிய டேப்பால் மூடிவிடுங்கள்.

தூள் எடுத்த பிறகும் உரசினால், காயிலை நடுவில் நிறுத்த வேண்டும். பழைய புகைப்படச் சுருளின் ஃபிலிமிலோ எக்ஸ்ரே படத்திலோ ஐந்து மில்லிமீட்டர் அகலப் பட்டைகள் நான்கு வெட்டிக்கொள்ளுங்கள். நடுத்தண்டுக்கும் காயில் குழலுக்கும் இடையே, நான்கு திசைகளிலும் ஒவ்வொன்றாக இறக்குங்கள். நான்கும் ஒரே அளவு இறுக்கமாக நுழைந்தால் காயில் நடுவுக்கு வந்துவிட்டது. மிகப் பழைய ஸ்பீக்கர்களில் ஸ்பைடரை நடுவில் ஒரு திருகு பிடித்திருக்கும். எட்டுக்கால் பூச்சியின் கால்கள்போல வெட்டிய கெட்டித் தகடாக அது இருப்பதால்தான் ஸ்பைடர் என்ற பெயரே வந்தது. அந்தத் திருகைத் தளர்த்தி, பட்டைகளை இறக்கி, மறுபடி முடுக்கிவிட்டால் வேலை முடிந்தது. பழைய ஆட்கள் எவ்வளவு தொலைநோக்கோடு செய்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் வியப்பேன். பிற்கால ஸ்பீக்கர்களில் நெளிவுத் துணி ஸ்பைடரின் வெளிவிளிம்பு சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும். அதை அசிட்டோனால் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கி, பட்டைகள் உள்ளே இருக்கும் நிலையிலேயே மறுபடி ஒட்டிக் காயவைக்க வேண்டும். முதல்முறை செய்பவர்களுக்கு இது கடினம். வேறொரு வீணான ஸ்பீக்கரில் பழகிவிட்டுத் தொடுங்கள்.

கீழே விழுந்ததால் காந்தமே இடம்பெயர்ந்திருந்தால் அதைப் பிரித்துச் சரிசெய்ய முயலக் கூடாது. அக்காலக் காந்தங்கள் பெரும்பாலும் அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்னிகோ வகையைச் சேர்ந்தவை. இரும்புச் சட்டத்திலிருந்து ஒருமுறை பிரித்தாலே அவை தம் வலிமையில் பெரும்பகுதியை இழந்துவிடும். திரும்பப் பூட்டினாலும் அது மீளாது. மறுபடி காந்தமேற்றும் கருவி வீட்டில் இருப்பதில்லை.

கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும்

முனையத்திலிருந்து கூம்புக்குச் செல்லும் வளையும் கம்பி சாதாரணக் கம்பி அல்ல. பருத்தி நூலின்மேல் செம்பு இழைகளைச் சுற்றிச் செய்தது. அறுந்தால் ஸ்பீக்கர் பாகங்கள் விற்கும் கடையில் அதே வகையை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு வயரைப் போட்டால் அதன் விறைப்பு கூம்பின் அசைவைத் தடுக்கும். நுனியில் மெல்லிய செம்புக்கம்பியை நான்கு சுற்றுச் சுற்றி, 25 வாட் சால்டரிங் அயனால் இரண்டு விநாடிக்குள் ஈயம் வையுங்கள். தாமதித்தால் உள்ளே நூல் கருகும், கூம்பின் காகிதமும் பழுக்கும். கம்பி சிறு வில்போல் தொய்ந்து நிற்க வேண்டும். இறுகி இழுக்கவும் கூடாது, கூம்பைத் தொட்டுத் தட்டவும் கூடாது.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்று, அதாவது வால்வுப் பக்கச் சுற்று, மீட்டரில் சில நூறு ஓம் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால், தலைமுடியைவிட மெல்லிய அந்தக் கம்பி ஈரத்தில் பச்சை பிடித்து உள்ளே அறுந்திருக்கிறது. அந்த நிலையில் பெட்டியைப் போட்டால் ஒலி வராது; அவுட்புட் வால்வின் ஸ்கிரீன் கிரிட் மட்டும் செக்கச்செவேலென்று பழுக்கும். புதிது வாங்கும்போது சுற்று விகிதம், அதாவது இரு பக்கச் சுற்றுகளின் எண்ணிக்கை விகிதம், பொருந்த வேண்டும். இஎல் 84 என்ற அவுட்புட் வால்வு சுமார் 5,200 ஓம் சுமையை எதிர்பார்க்கிறது. ஸ்பீக்கர் 3 ஓம் என்றால், 5,200ஐ 3ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 42 வரும். அதுதான் அந்த விகிதம். கடைக்காரர் தரும் டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்றுக்கு 6 வோல்ட் ஏசி கொடுத்து மறுபக்கம் அளந்தால் 0.14 வோல்ட் அளவில் வர வேண்டும். தவறியும் அந்த 6 வோல்ட்டை ஸ்பீக்கர் பக்கத்தில் கொடுத்துவிடாதீர்கள். மறுமுனையில் 250 வோல்ட் எழும்.

இரண்டு வகை ஸ்பீக்கர்களில் மேற்சொன்ன அளவுகள் பொருந்தா. 1930கள், 1940களின் பெட்டிகள் பலவற்றில் நிரந்தரக் காந்தமே இல்லை. மின்சாரம் பாயும்போது மட்டும் காந்தமாகும் பெரிய சுருள் இருக்கும். அந்தச் சுருள் பெட்டியின் மின்வழங்கியிலும் ஒரு பாகம் என்பதால், அதை நீக்கிவிட்டுச் சாதாரண ஸ்பீக்கரைப் போட்டால் பெட்டியே ஓடாது. அதில் உயர்மின்னழுத்தம் பாய்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. இன்னொன்று, 1950களின் பிற்பகுதியில் சில ஃபிலிப்ஸ் பெட்டிகளில் வந்த 800 ஓம் ஸ்பீக்கர். அங்கே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ஸ்பீக்கர் வால்வுகளோடு நேரடியாக இணைகிறது. மீட்டரில் பல நூறு ஓம் காட்டுகிறதே, காயில் கெட்டுவிட்டது என்று எண்ணி 4 ஓம் ஸ்பீக்கரைப் பொருத்தியவர்கள் உண்டு.

துணியும் முதல் பாட்டும்

முன்பக்கத் துணியைத் தண்ணீரில் நனைத்துத் துவைத்தால் சுருங்கிவிடும். உலர்ந்த தூரிகையால் தட்டுவதோடு நிறுத்துங்கள். கிழிந்து போய்ப் புதுத் துணி போடுவதானால், அதை வாயருகே பிடித்து ஊதிப் பாருங்கள். மூச்சு தடையின்றி மறுபக்கம் போக வேண்டும். ஜரிகை கலந்த துணி அழகாக இருக்கலாம், நெசவு நெருக்கமாக இருந்தால் மேல்தொனியை விழுங்கிவிடும். அட்டையில் ஒட்டும்போது பறையின் தோல்போல இறுக்குங்கள், தொய்ந்தால் ஒலியோடு சேர்ந்து அதுவும் படபடக்கும்.

பெட்டியில் பூட்டும் முன், மேசையிலேயே சிறு ஆம்ப்ளிஃபயர் ஒன்றோடு ஸ்பீக்கரை இணைத்து, கைபேசியில் கிடைக்கும் ஒலி அதிர்வெண் செயலியால் 60 ஹெர்ட்ஸிலிருந்து 1,000 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள். ஒலி மிகக் குறைவாக இருக்கட்டும். ஏதேனும் ஓரிடத்தில் வண்டு பறப்பதுபோல் கேட்டால் அங்கேயே நிறுத்தி, கம்பி, தூசி மூடி, விளிம்பு அட்டை என ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். எதைத் தொட்டதும் வண்டு அடங்குகிறதோ அதுதான் ஒட்டாமல் விட்ட இடம்.

பிறகு பெட்டியில் பூட்டி, எடுத்த படங்களைப் பார்த்துக் கம்பிகளை இணைத்து, ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ரேடியோவைப் போடவே கூடாது. சுமையில்லாத டிரான்ஸ்ஃபார்மரில் எழும் உயர்மின்னழுத்தம் அதன் காப்பை உடைத்துவிடும். மின்சாரம் கொடுத்ததும் வால்வுகள் சூடேற அரை நிமிடம் ஆகும். முதல் வாரம் மத்திய அலையில் பேச்சு நிகழ்ச்சிகளைக் குறைந்த ஒலியில் கேளுங்கள். இசையைவிட மனிதக் குரலில்தான் உரசல் முதலில் காட்டிக்கொடுக்கும். வாரம் கழிந்ததும் பின்அட்டையை மறுபடி திறந்து ஸ்பீக்கரின் திருகுகளை ஒரு கால் சுற்று முடுக்கிவிடுங்கள். பழைய மரம் அதிர்வில் சற்றே இடம் கொடுத்திருக்கும். அட்டையில் குளவி நுழையும் அளவு ஓட்டை இருந்தால், உட்பக்கமாகக் கொசுவலைத் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டு மூடுங்கள்.